கம்பி இல்லாமல் அடித்த பேட்

ஆனி கடைசியில் அந்தக் கடையில் மிக்ஸியும் டேபிள் ஃபேனும் ஓரத்துக்குப் போய்விடும். நடு மேசையில் பேட் வந்து உட்காரும். ஆடி பிறந்தால் ஊருக்கு ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். கூழ் ஊற்றுகிற ஊரில் ராத்திரி கச்சேரி இருக்கும். கச்சேரிக்கு முன்பணம் வாங்கிவிட்ட மெல்லிசைக் குழுக்காரருக்கு அப்போதுதான் தன் பேடில் இரண்டு கட்டம் செத்துக் கிடப்பது ஞாபகம் வரும். சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். "நாளைக்கு ராத்திரி ப்ரோக்ராம்ண்ணா" என்பதுதான் முதல் வார்த்தை. என்ன கோளாறு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கடைக்காரரை இங்கே ரிப்பேர்க்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவரும் இதை எழுதுகிறவரும் ஒரே ஆள்தான். 'நான்' என்று ஆரம்பித்தால் சொதப்பிய கதைகள் தானாகக் குறைந்துவிடுகின்றன. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அவையும் வந்து சேருகின்றன. கடை கள்ளக்குறிச்சியில். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்துவிட்டது; கடை போர்டில் மட்டும் இன்னும் விழுப்புரம் மாவட்டம்தான்.

பேட் என்றால் எட்டு ரப்பர் கட்டம். குச்சியால் அடித்தால் ஒன்றில் தபேலா கேட்கும், ஒன்றில் தவில், ஒன்றில் சிம்பல். ரோலண்ட் கம்பெனி 1985-இல் பேட்-8 என்ற மாடலை ஆக்டோபேட் என்ற பெயரில் விட்டது. அன்றிலிருந்து யார் செய்த பேடாக இருந்தாலும் மேடையில் அது ஆக்டோபேட்தான், ஜெராக்ஸ் மாதிரி. பலருக்குத் தெரியாத விஷயம், அந்த முதல் ஆக்டோபேடுக்குள் சத்தமே கிடையாது. அடியை எண்ணாக்கி வயர் வழியாக வேறொரு கருவிக்கு அனுப்புவது மட்டுமே அதன் வேலை. சத்தம் அங்கே பிறக்கும்.

அந்த வயரில் ஓடுகிற பாஷை மிடி. 1983-இல் அமெரிக்க, ஜப்பானியக் கம்பெனிகள் கூடிப் பேசி ஒத்துக்கொண்ட பாஷை. இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. ஒரு அடிக்கு மூன்று எண் போகும். 'அடித்தாயிற்று' என்பது ஒன்று, எந்த வாத்தியம் என்பது ஒன்று, எவ்வளவு பலம் என்பது ஒன்று. மூன்றும் சேர்ந்து வயரில் கடக்க ஒரு மில்லி நொடிகூட முழுதாக ஆகாது. கடைசி எண் 0 முதல் 127 வரை. மேடையில் அதை 'டச்' என்பார்கள், புத்தகத்தில் வெலாசிட்டி. பலத்துக்கு ஏன் வேகம் என்று பெயர் வந்தது? கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுமுனை இருக்கும். முதலாவது தொட்டு இரண்டாவது தொட ஆகும் நேரத்தை வைத்துத்தான் விரல் எவ்வளவு பலமாக இறங்கியது என்று கருவி கணக்குப் போடுகிறது. பேடில் கீழே இறங்க எதுவும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சொந்தமாகப் பேட் செய்யும் யோசனை ரிப்பேர்க்காரருடையது அல்ல. கச்சிராயபாளையம் பக்கத்துப் பம்பைக்காரர் ஒருவர் தூண்டியது. கோயிலிலும் சாவிலும் முப்பது வருஷமாகப் பம்பை அடித்தவர். மகன் கச்சேரிக் குழுவில் சேர்ந்திருந்தான். நல்ல கம்பெனிப் பேடின் விலை அரை லட்சத்தைத் தாண்டும் என்று கேட்டதும் கடை வாசலில் உட்கார்ந்து, "ஓட்ட ரேடியோவயே பேச வைக்கிற. அந்த ரப்பர் பொட்டிய நீயே செஞ்சு குடேன் தம்பி" என்றார்.

குழுவில் பழைய கீபோர்டு ஒன்று இருந்தது. பின்னால் ஐந்து கால் மிடி ஜாக். பத்தாம் சேனலில் டிரம் சத்தமெல்லாம் தயாராக இருக்கும். ஆக, செய்ய வேண்டியது சத்தம் இல்லாத பெட்டி மட்டும்தான். ஒத்துக்கொண்டார். இரண்டு வாரம் என்று சொன்ன வேலை அடுத்த ஆடி வரை இழுத்தது.

அடியைக் கேட்கிற காது, பீசோ தகடு. பிறந்தநாள் அட்டையில் 'கீ கீ' என்று பாடுமே, அதற்குள் இருக்கிற அதே பித்தளை வட்டம்தான். நடுவில் வெள்ளைப் பூச்சோடு ஒரு செராமிக் வில்லை. மின்சாரம் கொடுத்தால் அதிரும். அதிரவைத்தால் மின்சாரம் கொடுக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் வருவதை 1880-இல் ழாக், பியர் க்யூரி சகோதரர்கள் காட்டினார்கள். சென்னை ரிச்சி தெருவில் 35 மில்லிமீட்டர் தகடு சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பற்றவைப்பதில்தான் சூட்சுமம். பித்தளை விளிம்பில் எவ்வளவு நேரம் சூடு காட்டினாலும் தாங்கும். நடு வெள்ளை, வெள்ளிப் பூச்சு. சால்டரிங் முனை ஒரு நொடிக்கு மேல் நின்றால் பூச்சு ஈயத்தோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். ரிப்பேர்க்காரர் முதலில் கம்பி நுனிக்கு ஈயம் பூசிக்கொள்வார், பிறகு வில்லையில் ஃபிளக்ஸ் தொட்டு, மூச்சைப் பிடித்து, ஒரு தொடு. முதல் டஜனில் ஐந்து பாழ்.

தகட்டை எதன்மேல் ஒட்டுவது என்பதில்தான் மாதங்கள் போயின. மரத்தின்மேல் நேராக ஒட்டி மேலே ரப்பர் போட்டால் நடுவில் அடித்தால் இடி, ஓரத்தில் அடித்தால் இருமல். கச்சேரியில் யாரும் குறிபார்த்து நடுவில் அடிப்பதில்லை. அதனால் அடுக்கு மாறியது. கீழே கனமான மரம், அதன்மேல் மவுஸ் பேட் நுரை, அதன்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, அந்தத் தகட்டின் அடிவயிற்றில் பீசோ, எல்லாவற்றுக்கும் மேலே ரப்பர். எங்கே அடித்தாலும் அலுமினியம் மொத்தமாக அதிரும். மேல் ரப்பருக்குச் சைக்கிள் டியூப், ரெக்ஸின், ஜிம் பாய் எல்லாம் முயன்று கடைசியில் நின்றது ஹவாய் செருப்பு. குச்சி சரியான அளவு எகிறி வருவது அதில்தான். புதுச் செருப்பு கல்மாதிரி இருக்கும். ஒரு வருஷம் நடந்து பழகிய செருப்பு உத்தமம். வீட்டில் இதைக் கேட்டு அனுபவித்தவர்களின் அபிப்பிராயத்தை இங்கே எழுத முடியாது.

அடிமரத்துக்கு ஊரே கைகொடுத்தது. 2021-இல் புவிசார் குறியீடு வாங்கிய மரச்சிற்பம் கள்ளக்குறிச்சியுடையது. சிற்பப் பட்டறைகளில் சாமியின் கைக்கும் காலுக்கும் உதவாத துண்டுகள் ஓரமாகக் குவிந்திருக்கும். பிளைவுட் ஒரு பேடின் அதிர்வை அடுத்த பேடுக்குக் கூசாமல் கடத்தும். கனத்த வாகைத் துண்டு அப்படிச் செய்யாது. ஒரு பேடுக்கு ஒரு துண்டு, துண்டுகளுக்கு நடுவே நுரை. "இதுல என்ன சாமி செதுக்கப் போறீங்க?" என்று சிற்பி கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இனி மூளை. ரிப்பேர்க்காரர் எடுத்தது ஆர்டுயினோ ஊனோ என்ற பலகை. அதில் வோல்ட்டை அளக்கும் கால்கள் ஆறு. பேடோ எட்டு. அதனால் இடையில் 4051 என்ற சிப். எட்டு வயரை மாற்றி மாற்றி ஒரே காலுக்குத் திருப்பிவிடும், ரயில் தண்டவாளத்தில் பாயிண்ட் மாற்றுகிற மாதிரி. பலமாக அடித்தால் பீசோ பத்து, இருபது வோல்ட் என்று சீறும். பலகை தாங்குவது ஐந்து. எனவே ஒவ்வொரு பீசோவின் குறுக்கே ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர், வயரின் வழியில் 100 கிலோ ஓம், மிஞ்சியதை வழித்துவிட 1என்4148 டயோடு இரண்டு.

முதல் நாள் எட்டும் பேசின. மறுநாள்தான் கவனித்தார். ஒரே மாதிரி பத்து அடி அடித்தால் எண் 60, 98, 71, 104 என்று தாறுமாறாக வருகிறது. கையில் குறையில்லை. ஊனோ ஒரு தடவை அளக்க சுமார் 0.1 மில்லி நொடி எடுக்கிறது. எட்டையும் சுற்றி வர ஏறத்தாழ ஒரு மில்லி நொடி. பீசோவின் முதல் அலை ஏறி இறங்குவதும் அதே அளவு நேரத்தில்தான். அலை உச்சியில் இருக்கும்போது ஊனோ வேறு பேடைப் பார்த்துக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது பாதி இறங்கியிருக்கும். தேர் வரும்போது டீக்கடைக்குப் போனவன் கதை.

மருந்து சுலபமாகத்தான் கிடைத்தது. ஊனோவின் சிப்புக்குள் அளக்கிற கடிகாரம் வழக்கமாக 125 கிலோ ஹெர்ட்ஸில் ஓடும். நிரலில் ஒரு வரி மாற்றி அதை 1 மெகா ஹெர்ட்ஸாக்கினார், எட்டு மடங்கு. துல்லியம் கொஞ்சம் குறையும்தான். ஆனால் கடைசியில் வேண்டியது 0 முதல் 127 வரை ஒரு எண். 1,023 வரை அளந்து அதை 127-க்குள் சுருக்குகிறவன் கடைசி இலக்கத்துக்காக அழ வேண்டியதில்லை. எண்கள் அடங்கின. 92, 95, 91, 94. அன்றைக்கு ராத்திரி பரோட்டா கடையில் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டார்.

மறுநாளே பேய் பிடித்தது.

இரண்டாம் பேடை அடித்தால் மூன்றாம் பேடும் மெல்லிசாக அடிக்கிறது. மரம் வழியாக அதிர்வு போகிறது என்று முடிவுகட்டினார். வாகைத் துண்டுகளின் இடைவெளியை அகலப்படுத்தினார். நுரையை இரட்டித்தார். மூன்றாம் பேடைத் தனியாகக் கழற்றி ஸ்டூலில் வைத்தார். அப்போதும் அடித்தது. ஸ்டூலோடு தூக்கிக்கொண்டு போய்க் கடை வாசலில் வைத்தார். அடித்தது. இப்படி மூன்று வாரம். கடைசியில் வெறுத்துப்போய் மூன்றாம் பீசோவின் கம்பியையே அறுத்துவிட்டார். பலகையில் வெறும் ரெசிஸ்டர்கள் மட்டும். இரண்டாவதைத் தட்டினார். இல்லாத மூன்றாம் பேட், முன்னைவிடப் பலமாக, சிம்பல் அடித்தது.

அப்போதுதான் மரத்தின்மேல் பழி இல்லை என்று உறைத்தது. ஊனோவின் சிப்புக்குள் வோல்ட்டை அளப்பதற்கு முன் பிடித்து வைக்கிற குட்டிக் கபாசிட்டர் ஒன்று இருக்கிறது, 14 பிக்கோ ஃபாரட். பால்காரர் கையில் உழக்கு மாதிரி அது. இரண்டாம் வீட்டுக்குப் பால் அளந்த உழக்கை ஒட்டக் கவிழ்க்காமல் மூன்றாம் வீட்டில் மோர் அளந்தால் மோரில் பால் இருக்கத்தான் செய்யும். உழக்கு காலியாவதும் நிறைவதும் வழியிலுள்ள அந்த 100 கிலோ ஓம் என்ற ஒடுங்கிய வாய் வழியாகத்தான். கடிகாரம் மெதுவாக ஓடியபோது அதற்கு நேரம் இருந்தது. எட்டு மடங்கு வேகமாக்கியவர் அந்த நேரத்தைப் பிடுங்கிவிட்டார். அன்றைக்குக் கொண்டாடிய மருந்துதான் மறுநாளைய வியாதி. சிப்போடு வருகிற தகவல் ஏட்டில், எதிரே உள்ள தடை 10 கிலோ ஓமுக்குள் இருந்தால் நல்லது என்று தெளிவாகவே அச்சடித்திருக்கிறது. அந்தப் பக்கத்தை அவர் படித்திருந்தார். படித்ததும் புரிந்ததும் ஒரே நாளில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

தீர்வுக்கு அரை மணி நேரம். 102 என்று எழுதிய அரிசி அளவு செராமிக் கபாசிட்டரை ஒவ்வொரு வயரும் 4051-க்குள் நுழைகிற இடத்தில் பூமிக்குப் பற்றவைத்தார். அது ஒரு நானோ ஃபாரட், உழக்குக்குப் பக்கத்தில் ஒரு குடம். கை வைத்ததும் நிறைந்துவிடும். கூடவே நிரலில், ஒவ்வொரு பேடையும் இரண்டு தரம் அளந்து முதல் அளவைத் தூக்கிப் போடும்படி செய்தார். பேய் போயிற்று. தேவையே இல்லாமல் அகலப்படுத்திய இடைவெளி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பேட் இன்றைக்கும் வேண்டியதைவிட நான்கு விரல் நீளம்.

ஒரு அடியை ஒரே அடியாக எண்ணுவது அடுத்த வேலை. பீசோ அடித்ததும் அடங்காது, அதிர்ந்துகொண்டே இருக்கும். கவனிக்காமல் விட்டால் ஒரு அடிக்கு மூன்று சத்தம் வரும். அளவு ஒரு வரம்பைத் தாண்டியதும் இரண்டு மில்லி நொடி பொறுத்து அதற்குள் வந்த உச்சத்தை எடுத்துக்கொள்வது, பிறகு இருபத்தைந்து மில்லி நொடி காதைப் பொத்திக்கொள்வது. இதுதான் ஏற்பாடு. நிமிஷத்துக்கு 180 தாளத்தில் நாலாங்காலாக உருட்டினாலும் அடிக்கு அடி 83 மில்லி நொடி இடைவெளி இருக்கிறது. பொத்திய காது உருட்டலைத் தவறவிடாது. தாமதமும் தெரியாது. பத்து மில்லி நொடியே ஆனாலும் அது ஒலி மூன்றரை மீட்டர் நடக்கிற நேரம்தான். மேடையில் பாடகரிடமிருந்து அதைவிடத் தள்ளியே ஸ்பீக்கர் நிற்கிறது.

பம்பைக்காரரைக் கூப்பிட்டு முன்னால் வைத்தார். அவர் குச்சியைத் தேடவில்லை, விரலால் ஒரு தட்டு தட்டினார். சத்தமில்லை. இன்னொரு தட்டு. இல்லை. ஓங்கி ஒன்று போட்டார், கீபோர்டு அலறியது. "ஓங்கி அடிச்சா எதுதான் கேக்காது? தகர டப்பாகூடக் கேக்கும். மெதுவா அடிச்சா கேக்கணும் தம்பி" என்றார்.

ரிப்பேர்க்காரர் 0 முதல் 1,023 வரை வந்ததை நேராக எட்டால் வகுத்து 127-க்குள் அடக்கியிருந்தார். அந்தக் கணக்கில் விரல் தட்டு 40 வந்தால் வெறும் 5. கீபோர்டில் 5 என்பது மௌனத்துக்குப் பக்கத்து வீடு. அன்றைக்கு முழுக்க பெரியவரை மூன்று விதமாக அடிக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். விரல் தட்டு 30 முதல் 90 வரை. சாதாரண அடி 200 முதல் 400. உற்சாகம் வந்தால் 900-க்கு மேல். சூத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, 128 எண் கொண்ட பட்டியல் ஒன்றைக் கையால் எழுதினார். 40 வந்தால் 38 போகட்டும், 300-க்கு 84, 900-க்கு 120. கீழே செங்குத்தாக ஏறி மேலே படுத்துக்கொள்கிற கோடு. பெரியவர் மறுபடி உட்கார்ந்தார். விரல் நுனியால் கிசுகிசுத்தார், கீபோர்டும் கிசுகிசுத்தது. வெற்றிலை போட்டுக்கொண்டு அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

மகன் வந்தான். நாலு அடி அடித்தான், முகம் சுளித்தான். அவனுக்கு எல்லாமே ஒரே சத்தமாக இருந்தது. அவன் கை கனம், குச்சியும் தடிமன். அப்பாவின் பட்டியலில் மேல்பாதி படுத்துவிட்டதால், அவனுடைய மெதுவான அடியும் பலமான அடியும் ஒரே இடத்தில் விழுந்தன. அவனுக்கென்று இரண்டாவது பட்டியல் போட வேண்டியிருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு டாகுள் சுவிட்ச் வைத்து, மார்க்கர் பேனாவால் ஒரு பக்கம் 'அப்பா', மறு பக்கம் 'மகன்' என்று எழுதினார்.

முதல் கச்சேரி கல்வராயன் மலையில், ஒரு கோயில் திருவிழா. கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலை நோக்கி ஏறும் மலைப்பாதையில் லோடு ஆட்டோ முக்கிக்கொண்டு போனது. கீழே வேர்வை, மேலே போர்வை. மேடை என்பது டிரம்களின்மேல் போட்ட பலகை. பேஸ் பாக்ஸ் இரண்டும் அதே பலகையின்மேல்.

முதல் பாட்டின் முதல் கிக் அடியிலேயே பேட் தானாகப் பேச ஆரம்பித்தது. கிக் சத்தம் பாக்ஸில் அதிர்ந்து, பலகை வழியாகப் பேடுக்கு வந்து, பேட் அதை அடி என்று நம்பி இன்னொரு கிக் அனுப்பி, அது பாக்ஸில் அதிர்ந்து... டமடமவென்று வாண வேடிக்கை. கூட்டம் முதலில் கைதட்டியது. பாட்டுக்காரர் திரும்பி முறைத்தார். ரிப்பேர்க்காரர் மேடைக்குக் கீழே நின்றவர்கள் காலிலிருந்து செருப்பு வாங்கி ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் கொடுத்தார். பாதி அடங்கியது. மீதிக்கு, லேப்டாப்பை மடியில் வைத்து வரம்பை 25-லிருந்து 60-க்கு ஏற்றினார். முழுக்க அடங்கியது. அதோடு அப்பாவின் கிசுகிசுப்பும் அடங்கியது. அன்றிரவு ஒரு பாட்டுக்குப் பேடில் உட்காரலாம் என்று ஆசையாக மலை ஏறி வந்திருந்த பெரியவர், இரண்டு நிமிஷம் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ப் பம்பையைக் கட்டிக்கொண்டார்.

திரும்பி வந்ததும் பெட்டியின் அடியில் ஒன்பதாவதாக ஒரு பீசோவை ஒட்டினார், மேலே எதுவும் இல்லாமல், நேராக ஸ்டாண்டைத் தொடும் இடத்தில். பேட் அதிர்ந்து அடித்தகடு சும்மா இருந்தால் அது கை. அடித்தகடு முந்திக்கொண்டு அதிர்ந்தால் அது பாக்ஸ், விட்டுவிடலாம். வரம்பு மறுபடி 25-க்கு இறங்கியது. கடைக்குள் இரண்டு பதினைந்து அங்குல ஸ்பீக்கர் வைத்துச் சோதித்தபோது பக்கத்து மருந்துக் கடையில் பாட்டில்கள் ஆடியதாகப் புகார் வந்தது. பேட் ஆடவில்லை.

நடுவில் வேறு வழியும் பார்த்தார். ஐ.சி.க்கள் குத்தி வருமே கறுப்பு நுரை, அது மின்சாரத்தைக் கொஞ்சமாகக் கடத்தும். அழுத்தினால் இன்னும் கடத்தும். இரண்டு செம்புத் தகட்டுக்கு நடுவே அதை வைத்தால் விரலால் அழுத்தி வாசிக்கிற பேட் கிடைக்கும், 1988-இல் அகாய் எம்பிசி60-இல் பதினாறு கட்டமாக வந்து, பின்னால் ஊரெல்லாம் பழகிய வகை. பீசோவுக்குத் தட்டினால்தான் தெரியும், அழுத்திப் பிடித்தால் தெரியாது. நுரைக்கு இரண்டும் தெரியும். ஆனால் அமுங்கிய நுரை எழுந்துவர நேரம் எடுத்தது, காலையில் ஒரு எண்ணும் சித்திரை மதியத்தில் வேறு எண்ணும் காட்டியது. குச்சிக்காரர்களுக்கு அது ஆகாது. அந்தப் பலகை அலமாரி மேல் இருக்கிறது.

போன ஆடியில் மகன் பேடை எடுத்துக்கொண்டு வந்தான். எட்டும் நன்றாகத்தான் பேசின. பஸ்ஸில் இடிபட்டு டாகுள் சுவிட்சின் தலை உடைந்து, 'அப்பா' பக்கமே நின்றுவிட்டது. அந்த அளவு சுவிட்ச் கடையில் இல்லை. சேலத்திலிருந்து வர மூன்று நாளாகும் என்றார் ரிப்பேர்க்காரர். மகன் இரண்டு கட்டத்தை மெதுவாகத் தட்டிப் பார்த்தான், மெல்லிய குச்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். குடைக்கம்பி அளவில் மூங்கில் ஒன்று கிடைத்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு சங்கராபுரம் பஸ் ஏறினான். அன்றைக்கு ராத்திரி ப்ரோக்ராம்.